சித்தி ஒதுக்கி வைத்த சட்டிகள்

தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. உங்களில் யாரும் அப்படி இருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் தேங்காய், தர்பூசணி, மண்பானை, மாப்பிள்ளை என்று எதையும் தட்டிப் பார்க்காமல் வீட்டுக்குள் விட்டதில்லை. "பார்சல்காரர் கொடுத்த டப்பாவைக்கூடத் தட்டிப் பாக்கறீங்களே அத்தை" என்று என் மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். இந்தச் சந்தேகம் எனக்குப் பிறவியில் வந்ததில்லை. ஐப்பசி மழையில் தொடங்கி மாசி வெயிலில் முடிந்த ஒரு பருவத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

எங்கள் ஊர் சங்ககிரிப் பக்கம். கல்சட்டி ஊர் என்றால் சுற்று வட்டாரத்தில் தெரியும். இப்போது ஊர் முகப்பில் 'பாரம்பரியக் கைவினைக் கிராமம்' என்று பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். மலைக்கோட்டையில் இருந்த படைக்குச் சோறு வெந்ததே எங்கள் ஊர்ச் சட்டியில்தான் என்று அதில் எழுதியிருக்கிறது. யார் எட்டிப் பார்த்தார்களோ தெரியாது. பலகையை நான் நம்புவதில்லை. ஆனால் கோயிலுக்குப் பின்னால், எத்தனையோ தலைமுறை வெட்டியெடுத்த கல்லுக்குழி பெரிய கிணறு மாதிரி இறங்கிக் கிடக்கிறது. அதை நம்புகிறேன்.

குழியில் கிடைப்பது மாக்கல். நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மிருதுவானது. வெளிப்புறத்தை உளியால் செதுக்கி உருட்டுவார்கள். பிறகு கடைசல் எந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு உள்ளே குடைவார்கள். எங்கள் வீட்டில் அப்போதெல்லாம் எதைத் தொட்டாலும் கல்மாவுதான். தலையணையில், எண்ணெய்க் கிண்ணத்தில், என் பாவாடை மடிப்பில் எல்லாம் சாம்பல் நிறமாக ஒட்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்து எழுந்த பலகையில் என் அச்சு பதிந்திருக்கும் என்று கேலி செய்வார்கள்.

கடைந்த சட்டி உடனே விற்பனைக்குப் போகாது. அதற்கு முன் தட்டிப் பார்க்க வேண்டும். சட்டியை இடது உள்ளங்கையில் ஏந்தி வலது கை விரல் முட்டியால் ஒரு தட்டு. நல்ல சட்டி 'ணங்' என்று குரல் கொடுக்கும். "பேசுது" என்போம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருந்தால் 'டொப்' என்று அடங்கிவிடும். பேசாத சட்டியை அடுப்பில் ஏற்றினால் கொதிக்கும்போது இரண்டாகப் பிளந்து, குழம்பு மொத்தமும் சமைக்கிறவள் காலில் கொட்டும். அதனால் பேசாத சட்டி ஊரைத் தாண்டக் கூடாது.

தட்டுவது அந்த வீட்டின் மூத்த ஆண் மட்டும்தான். அவருக்கென்று வாசலில் ஒரு பலா மணை உண்டு. பெண்கள் அதில் உட்காரவும் கூடாது, விற்கப்போகும் சட்டியைத் தட்டவும் கூடாது. மூத்தவரால் முடியாமல் போனால் மணை அடுத்த தம்பிக்குப் போகும். மணை போனால் அதோடு பட்டறையும் போகும், வீட்டில் சொல்லும் போகும். எங்கள் வீட்டு மணையில் அப்பா இருந்தார். பட்டறையில் கூடவே அவர் தம்பி, என் சித்தப்பா. அம்மா, நான். அதற்கு முந்தின வருஷம் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு சித்தி வந்தாள்.

சித்தி ஆத்தூருக்குக் கிழக்கே இருந்து வந்தவள். அவள் பிறந்த வீடும் கல்சட்டி கடைகிற வீடுதான். ஆனால் பேச்சு வேறு. நாங்கள் 'வாரேனுங்க' என்றால் அவள் 'வரேன்' என்று வெடுக்கென்று முடிப்பாள். அதுவும் மெல்லிய குரல். பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்கும். எனக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"அவ என்ன, நெனச்ச நேரமெல்லாம் ஒதட்ட அசைச்சுக்கிட்டே இருக்கறா? சத்தமே வாரதில்ல. என்னத்த முணுமுணுக்கறா?" என்று அம்மாவிடம் கேட்பார். அப்பாவின் குரல் பட்டறையிலிருந்து எழுந்தால் தெருமுனை வரை கேட்கும். வீட்டுக்குப் பெரியவர் என்றால் அப்படித்தான் பேசுவார் என்று நினைத்திருந்தேன்.

அம்மா அப்பாவுக்கு நேர் எதிரே போய் நின்றுதான் எப்போதும் பதில் சொல்வாள். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, எழுந்து வந்து முகத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டுத்தான் போவாள். என்ன மரியாதை என்று நான் வியந்த காலம் அது.

எங்கள் பட்டறையில் மின்சார மோட்டார் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன் தோல் வாரைப் பிடித்து ஒருவர் இழுக்க, ஒருவர் கடைய வேண்டும். அந்த வார் பிறகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கன்றுக்குட்டி கட்டக் கொஞ்ச நாள் இருந்தது. மோட்டாரை ஊரிலேயே முதலில் போட்டது அப்பாதான். தகரக் கூரைக்குக் கீழே அது அலறுகிற அலறலில் காகம்கூட எங்கள் வேப்பமரத்தில் உட்காராது. பொழுது விடிந்ததிலிருந்து சாயும்வரை அப்பா அதற்குப் பக்கத்திலேயே குனிந்திருப்பார். காய்ந்த பெல்ட் வாசனையும் ஈரக் கல் வாசனையும் கலந்து வரும். எனக்கு இன்றைக்கும் அதுதான் அப்பாவின் வாசனை.

சட்டி குடைந்தபின் மிஞ்சும் கல் துண்டில் சித்தப்பா எனக்குச் சொப்புச் சாமான் கடைந்து தந்திருந்தார். குட்டிச் சட்டி, குட்டிக் குழம்புக் கிண்ணம், மூக்கு வைத்த கிண்டி. ஒருநாள் மத்தியானம் நான் கூட்டாஞ்சோறு விளையாடிக்கொண்டிருந்தேன். சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொப்பை ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்துத் தட்டினாள். கிண்டியைத் தட்டியதும் அவள் முகம் சுருங்கியது.

"இது பேசல கண்ணு. இதுல சுடுதண்ணி ஊத்தாத" என்று ஓரமாக வைத்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. இருப்பதிலேயே அழகானது அந்தக் கிண்டிதான். அதைக் கண்டால் அவளுக்கு ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளே அம்மா காய்ச்சி வைத்த வெந்நீரை அதில் மொண்டேன். மூக்கு தனியாகக் கழன்று விழுந்தது. சித்தி கண் வைத்துவிட்டாள் என்றுதான் அப்போது தோன்றியது. அவள் சொன்னது சரியாக இருந்தது என்று தோன்றவில்லை. பிள்ளைகள் அப்படித்தான். பெரியவர்களும் அப்படித்தான் என்பதை அந்த வருஷமே பார்த்தேன்.

கார்த்திகையில் மழை விட்டதும் விற்பனை சூடு பிடிக்கும். வியாபாரி ஒருவர் லாரியோடு வந்து எங்கள் வீட்டுச் சரக்கு முழுவதையும் வைக்கோல் போட்டு அடுக்கி ஏற்றிப்போவார். ஓமலூர், எடப்பாடிச் சந்தைகளுக்கு அவர்தான் சட்டி போடுகிறவர். அந்த முறை வந்தவர் இறங்கும்போதே முகம் சரியில்லை.

"போன லோடுல மூணு நாலு ஊட்டுல சட்டி அடுப்பிலயே ரெண்டாப் போச்சுங்க. ஒரு அம்மாவுக்குக் காலெல்லாம் வெந்துபோச்சு. உங்க ஊட்டுச் சட்டின்னு நம்பி வாங்குனவீங்க, என்னைய சந்தையில நிக்க வச்சுக் கேக்கறாங்க" என்றார்.

அப்பா முதலில் அவரை மறுபடியும் சொல்லச் சொன்னார். பிறகு, "நான் தட்டாம ஒரு சட்டி வெளிய போனதில்ல. அவுங்க புதுச் சட்டியப் பழக்காம அடுப்புல வச்சிருப்பாங்க" என்று சத்தம் போட்டார்.

அது நடக்கக்கூடியதுதான். புதுக் கல்சட்டியை அப்படியே நெருப்பில் வைக்கக் கூடாது. விளக்கெண்ணெயும் மஞ்சளும் பூசி, அரிசி களைந்த நீர் ஊற்றி வைத்து, சிறுதீயில் மெதுவாகப் பழக்க வேண்டும். வியாபாரி அரைமனதாகத் தலையாட்டிவிட்டு லாரியில் வைக்கோல் பரப்பப் போனார்.

லாரியில் ஏற்ற அடுக்கைப் பார்த்தபோது சட்டிகள் குறைந்தன. அப்பா கொட்டகை முழுக்கத் தேடினார். பின்பக்கம் மாட்டுக்கு வைத்த சோளத்தட்டுப் போருக்கு அடியில் கை விட்டார். அங்கே வரிசையாகச் சட்டிகள் கவிழ்ந்திருந்தன. மேலே கிழிந்த சாக்கு போர்த்தியிருந்தது.

"யாரு வச்சது இது?"

சித்தி வந்து நின்றாள். ஏழாம் மாதம். வயிற்றில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. "நான்தான் மாமா எடுத்து வெச்சேன். அதெல்லாம் பேசாத சட்டி" என்று சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. கதவோரம் நின்ற அம்மாவுக்கும் கேட்டது.

"என்ன முணுமுணுக்கறே? வாயத் தொறந்து சொல்லு!"

அவள் இன்னும் ஒருமுறை சொன்னாள். அப்பா அவள் உதட்டையே உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு சட்டியை எடுத்து இடது கையில் ஏந்தி ஓங்கித் தட்டினார்.

'டொப்.'

"இதுக்கு என்ன கேடு? மணியாட்டப் பேசுது!" என்றார்.

அந்த நிமிஷம் சித்தியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்தபடி நின்றுவிட்டது. அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கதவின் தாழ்ப்பாளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திருட்டில் அகப்பட்டவளின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று நான் முடிவு செய்தேன். எனக்கு 'டொப்' என்று கேட்டதே என்று ஒரு கேள்வி உள்ளே எழுந்தது. அப்பா காதைவிட என் காது பெரிதா? ஜலதோஷம் என்று என் காதைத்தான் சந்தேகப்பட்டேன்.

"பொறந்த ஊட்டுக்குக் கடத்தறதுக்குத்தானே ஒளிச்சு வச்சிருக்கறே? உங்கப்பனும் சட்டி யாவாரிதானே!" அப்பாவின் குரல் தெருவில் நின்றவர்களையெல்லாம் எங்கள் வேலியோரம் இழுத்து வந்தது.

சித்தி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒளித்து வைத்த சட்டிகள் அத்தனையும் லாரியில் ஏறின. சித்தப்பா அன்றைக்குக் கல்லுக்குழியில் இருந்தார். மாலையில் வந்து கேட்டபோது, "அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று கைகால் கழுவப் போய்விட்டார். நல்ல மனுஷன்தான். ஆனால் மணைக்கு எதிரே நின்று பேசியே பழக்கமில்லாதவர். அவர்மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

வளைகாப்பு போட்டுச் சித்தியை அவள் வீட்டார் அழைத்துப்போனார்கள். அது முறைதான். ஆனால் பஸ் ஏறும் முன்பே அப்பா ஊருக்குக் கேட்கச் சொன்னார்: "கூட்டியாரதுக்கு நான் போக மாட்டேன்."

அதற்கு என்ன பொருள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிரசவத்துக்குப் போன மருமகளைத் திரும்ப அழைக்க, வீட்டின் மூத்தவரே புதுச் சட்டி ஒன்று கடைந்து எடுத்துப்போக வேண்டும். அவள் பிறந்த வீட்டு வாசலில் எல்லோர் முன்னாலும் அதைத் தட்டிக் காட்டி அவள் கையில் கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு முதல் கஞ்சி அதில்தான் காய்ச்ச வேண்டும். சட்டி போகவில்லை என்றால் அவள் வாழாவெட்டிதான். பிள்ளையும் அங்கேயேதான்.

மார்கழியில் வந்த வியாபாரி கத்தினார். தையில் வந்தபோது கத்தவில்லை. உடைந்த துண்டுகளைக் கோணியிலிருந்து எங்கள் வாசலில் கொட்டிவிட்டுப் போனார். சித்தி போன பிறகு உடைவது குறையவில்லை, கூடிப்போயிற்று. குற்றம் சுமத்தப்பட்டவள் வீட்டிலேயே இல்லாதபோது சந்தேகம் ஓய வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. "போறப்பவே என்னமோ செஞ்சு வச்சுட்டுப் போயிருக்கறா" என்றார் அப்பா. சந்தேகத்துக்கு மட்டும் தீனி தீர்ந்ததாக நான் பார்த்ததேயில்லை. அக்கம்பக்கத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். மோட்டாருக்குப் படையல் போட்டார்கள். அம்மா கொட்டகையின் நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். எனக்கு எல்லோர்மேலும் சந்தேகம். பக்கத்து வீட்டுப் பூனைமேல்கூட.

மாசி பிறந்ததும் தகவல் வந்தது. பெண் குழந்தை.

அன்று மத்தியானம் அம்மா அப்பாவின் எதிரே போய் நின்றாள். சோறு போடுவதற்காக இல்லை என்பது அவள் நின்ற தோரணையிலேயே தெரிந்தது.

"கொழந்த பொறந்திருச்சு. சட்டி கடையோணுங்க. போய்க் கூட்டியாரோணும்."

"நான் போறதா?"

"நீங்கதான் போகோணும். போகலீன்னா இந்த ஊட்டுச் சட்டிய இனி ஒருத்தரும் வாங்க மாட்டாங்க."

அம்மா அப்படி நிறுத்தி நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா எழுந்து போய் மோட்டாரைப் போட்டார்.

தீட்டுக் கழிந்ததும் பஸ்ஸில் அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். சித்தப்பா முந்தின நாளே போயிருந்தார். அப்பா மடியில் வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றிய சட்டி. ராசிபுரம் தாண்டியதும் பேச்சு மாறியது, பஸ்ஸில் ஏறும் மனிதர்கள் 'வரேன்' என்றார்கள். அப்பா யார் பேச்சுக்கும் திரும்பவில்லை. நடத்துநர் டிக்கெட் கேட்டபோது அம்மாதான் தோளைத் தொட்டுச் சொன்னாள்.

சித்தியின் வீட்டு வாசலில் பாய் விரித்திருந்தார்கள். அவள் அப்பா, அண்ணன்மார், அக்கம்பக்கத்தார் எல்லோருமே கல்சட்டிக்காரர்கள். சித்தி நிலைப்படியில் பிள்ளையை ஏந்தி நின்றாள். மெலிந்து போயிருந்தாள். அப்பா துண்டை அவிழ்த்துச் சட்டியை இடது கையில் ஏந்தினார். அழகான சட்டி. விளிம்பில் கோலம்போல மூன்று வரி கடைந்திருந்தார். தட்டினார்.

'டொப்.'

"நல்லாப் பேசுது" என்றார் அப்பா, நிமிர்ந்து.

இந்த முறை எனக்கு ஜலதோஷம் இல்லை. எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்பா வேண்டுமென்றே விரிசல் சட்டியைக் கொண்டுவந்திருக்கிறார், சித்தியை ஊர் முன்னால் அவமானப்படுத்தத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்பாவை நான் முதல்முறையாக வெறுத்தது அந்த வாசலில்தான்.

சித்தியின் அப்பா எழுந்தார். "இருங்க சம்பந்தி, இந்தச் சட்டி..." என்று தொடங்கினார்.

"நல்ல சட்டிப்பா!"

சித்திதான். அவ்வளவு உரக்க அவள் பேசி நான் கேட்டதேயில்லை. பிள்ளையை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள். அப்பாவுக்கு நேர் எதிரே, அம்மா நிற்கிற அதே மாதிரி நின்றாள். "நல்ல சட்டி மாமா. குடுங்க" என்று இரண்டு கையையும் நீட்டினாள். அப்பாவின் கண்கள் அவளிடமிருந்து அவள் அப்பாவுக்குப் போயின. அங்கிருந்து சுற்றியிருந்த ஒவ்வொரு முகத்துக்கும் போயின. அதன் பிறகுதான் சட்டியை அவள் கையில் வைத்தார். சித்தி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வீட்டில் அப்புறம் யாரும் சட்டியைப் பற்றிப் பேசவில்லை. எங்களுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள்.

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளைக்குக் கஞ்சி வேறு பழைய சட்டியில்தான் காய்ச்சினாள். புதுச் சட்டியில் அவள் உப்புப் போட்டு வைத்தாள்.

அன்றிலிருந்து உடைந்த சட்டி திரும்பி வருவது நின்றுபோயிற்று. வியாபாரி மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். எலுமிச்சம்பழம் வேலை செய்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் என்னை ஒன்று அறுத்துக்கொண்டே இருந்தது. அப்பா மணையில் உட்கார்ந்து தட்டும்போதெல்லாம் தலையைத் தூக்கிச் சித்தியைப் பார்ப்பார். அவள் எதிரே துணி உலர்த்திக்கொண்டிருப்பாள், இல்லை பிள்ளையை இடுப்பில் வைத்து நின்றுகொண்டிருப்பாள். ஒரு தட்டு, ஒரு பார்வை. ஒரு தட்டு, ஒரு பார்வை. இன்னுமா இந்த மனுஷனுக்குச் சந்தேகம் தீரவில்லை என்று எனக்கு எரிச்சலாக வரும். கல்யாணமாகி எடப்பாடிக்கு நான் போகிறவரைக்கும் அந்தப் பார்வை நின்றதில்லை. சித்தப்பா காலமான பிறகும் நிற்கவில்லை. கூட்டி வந்த பெண்ணை ஆயுசுக்கும் திருடியாகவே பார்த்த அப்பா என்று என் தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். உங்களில் சிலருக்கும் சொல்லியிருப்பேன்.

அப்பாவுக்கு வயதாகி, சேலத்தில் காது டாக்டரிடம் நான்தான் அழைத்துப்போனேன். டாக்டர் சோதித்துவிட்டு, "இது இப்ப வந்ததில்லம்மா. சத்தமான மெஷின் பக்கத்துல வேல பாத்தவருங்களா? இளவயசுலயே போயிருக்கும்" என்றார். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலறுகிற மோட்டார், திரும்பாத தலை, எதிரே வந்து நிற்கிற அம்மா, 'மணியாட்டப் பேசுது' என்ற 'டொப்' எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

ஊருக்குப் போய்ச் சித்தியைக் கேட்டேன். உப்புச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா அன்னைக்கு அந்தச் சட்டிய என் முன்னால தட்டி நல்லாருக்குன்னாரே, அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அதுவரைக்கும் அவசரத்துல கவனிக்காம வுடறாருன்னு நெனச்சு ஒதுக்கி வெச்சேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சித்தி?"

"வேலியோரம் ஊரே நின்னுச்சு. காது போச்சுன்னு சொன்னா மணை போயிடும். அவரு அப்பறம் எதுக்கு உயிரோட இருக்கணும்? அதான் அக்கா வாயத் தொறக்கட்டும்னு பாத்தேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"எனக்கு முன்னாலயே தெரியும்."

அம்மா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கேட்க முடியாது. புருஷன் மணையைக் காப்பாற்ற, வயிற்றுப் பிள்ளையோடு நின்ற ஒரு பெண்ணைத் திருடியாக்கி பஸ் ஏற்றிவிட்டுத் தாழ்ப்பாளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கூட்டிவரச் சொன்னது இரக்கத்தாலா, சட்டி விற்க ஒரு காது வேண்டும் என்பதாலா? என் அம்மாதான். இருந்தாலும் அந்த இடத்தில் தட்டிப் பார்த்தால் எனக்கு இன்னும் சரியான சத்தம் வருவதில்லை.

"அப்பறம் எப்படி உடையாமப் போச்சு?" என்று கேட்டேன்.

சித்தி சிரித்தாள். "திரும்பி வந்த மொத நாளு அவரு மணையில உக்காந்து தட்டுனாரு. டொப்புன்னுது. நான் எதுக்கால நின்னேன். சொல்லவும் முடியாது, வுடவும் முடியாது. கையி சும்மா இருக்கல, முந்தானைய இழுத்துத் தோள்ல போட்டேன். அவரு பாத்துட்டாரு. சட்டிய ஓரமா வெச்சாரு. அவ்ளோதான்."

"நீங்க ரெண்டு பேரும் இதப் பத்திப் பேசிக்கிட்டதே இல்லையா?"

"எங்க பேசறது? அவருக்குத்தான் என் பேச்சு கேக்காதே."

நான் அவ்வளவு வருஷம் சந்தேகப் பார்வை என்று நினைத்தது அதைத்தான். ஒவ்வொரு சட்டிக்கும் அவர் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். திருடி என்று கத்திய அதே வாசலில் உட்கார்ந்து, வாழ்நாள் முழுக்க. மன்னிப்பு என்று அவர் வாயால் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். சித்திக்கு அது போதுமாக இருந்தது.

போன ஐப்பசியில் சித்தியும் போய்விட்டாள். அதனால்தான் இப்போது எழுத முடிகிறது. இருந்தவரை விடவில்லை. எப்படி விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பட்டறை இப்போது நன்றாகவே நடக்கிறது. நகரத்துப் பிள்ளைகளுக்குத் திடீரென்று கல்சட்டிமேல் ஆசை வந்து, போனிலேயே ஆர்டர் போடுகிறார்கள். அன்று அம்மா கையில் சித்தி கொடுத்த அந்தப் பெண் பிள்ளைதான், என் தங்கச்சி, இன்று பட்டறையை நடத்துகிறாள். அந்த மணையில் உட்கார்ந்து அவளேதான் தட்டுகிறாள். காதுக்கு அடைப்பான் மாட்டாமல் மோட்டார் பக்கம் யாரையும் விடமாட்டாள். சுவரில் அப்பாவின் படம் மாலையோடு இருக்கிறது.

போன வருஷம் தையில் நான் அங்கே இருந்தபோது கேமராவோடு சில பிள்ளைகள் வந்தார்கள். பாரம்பரிய கிராமம் என்று படம் எடுக்கிறார்களாம். ஒரு தம்பி அப்பாவின் படத்தைக் காட்டி, என் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினான்.

"உங்கப்பா காதுக்கு ஒரு சட்டிகூடத் தப்பாதுன்னு ஊர்ல சொல்றாங்க. உண்மையாம்மா?"

இவ்வளவு காலம் கழித்து யாருக்கு என்ன குறைந்துவிடும்? அந்தப் பெயர் சித்தியுடையது என்று ஒருமுறையாவது உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வாயைத் திறந்தேன்.

எதிரே வேப்பமரத்தடியில் சித்தி முறத்தில் கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. என் முகத்தையே பார்த்தபடி முந்தானையை இழுத்துத் தோளில் போட்டாள்.

"உண்மைதானுங்க தம்பி" என்றேன். "எங்கப்பா கைக்குத் தப்புன சட்டியே கெடையாது."

சித்தி மறுபடியும் கடலைக்காய் உடைக்கத் தொடங்கினாள்.